அம்மாவின் நானூறு

என் அம்மா பெயிலாகிவிடக் கூடாது என்பதற்காக நான் ஒரு தில்லுமுல்லு செய்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. மார்க் என்றால் என்னவென்று வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற தலைக்கனம் வேறு.

அம்மா சாலை பெருக்குகிறவள். நீலசந்திராவிலிருந்து விடியும்போதே கிளம்பி, மேம்பாலத்துக்கு அடியில் பஸ் புகைக்கு நடுவே பெருக்கிவிட்டு மதியம் திரும்புவாள். இருமிக்கொண்டே போவாள், இருமிக்கொண்டே வருவாள். ஒருநாள் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து சிலர் வந்தார்கள். புகையும் தூசியும் உடம்பை என்ன செய்கின்றன என்று பார்க்க, சாலை பெருக்கும் பெண்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் குழாயும் தந்தார்கள். தினமும் வேலை முடிந்து வந்ததும் அதில் ஊத வேண்டும். முள் நிற்கும் எண்ணைத் தாளில் எழுத வேண்டும். நானூறு வந்தால் நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவுக்குப் படிக்க வராது என்பதால் எழுதுகிற உத்தியோகம் எனக்கு வந்தது.

அம்மா முழு மூச்சோடு ஊதினாள். முள் இருநூறைக்கூடத் தொடவில்லை.

“எவ்ளோடி வந்துச்சு?”

நூற்றுக்கு ஐம்பதுகூட இல்லை என்று பெற்ற தாயிடம் எப்படிச் சொல்வது? “நல்லா வந்துருக்கும்மா” என்றேன்.

ஆனால் யாரும் ஊதாத எண்ணை எழுதுவதில்லை என்பதில் கறாராக இருந்தேன். யாராவது ஊதியே ஆக வேண்டும். எங்களோடு இருந்த மாமா, சிவாஜிநகரில் ஒரு கல்யாண பேண்டில் ட்ரம்பெட் வாசிப்பவர். அம்மாவுக்குத் தெரியாமல் குழாயைக் கொடுத்ததும் ஒரே ஊதலில் முள் ஐந்நூறைத் தாண்டி ஓடியது. “கொஞ்சம் அடக்கி ஊது மாமா” என்றேன். அவருக்கு அது விளையாட்டு. பதினைந்து நாளும் நானூறில் நிற்கும்படி அடக்கி ஊதினார்; நான் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

தாளைக் கொடுக்க அம்மாவோடு நானும் போனேன். டாக்டரம்மா தாளைப் பார்த்தார், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“நம்பர் சென்னாகிதே அக்கா, நல்லாருக்கு. ஆனா ரத்தத்துல பாதிப்பு தெரியுதே. இங்கயே ஒரு தடவ ஊதிக் காட்டுங்க.”

டாக்டரம்மா குழாயை எடுப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

“நம்பர் நல்லாருக்குன்னு நீங்களே சொல்றீங்களே மேடம். மேஸ்திரி அரைமணிதான் குடுத்தாரு. லேட்டானா கத்துவாரு.”

எண் குறைந்த நாலு பேருக்கு மருந்து கிடைத்தது. டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததால் அவர்களை அல்சூர் ஏரிப் பக்கத்துப் பூங்காவுக்கு மாற்றினார்கள். அம்மா அதே மேம்பாலத்துக்கு அடியில் இன்னும் ஆறு வருடம் பெருக்கினாள். இப்போது எங்கள் மாடிப்படியை ஏறி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். அவளுக்குப் பின்னால் நான் நிற்கும்போதெல்லாம் சொல்லிவிட நினைக்கிறேன். பயமாக இருக்கிறது. இதுவரை சொல்லவில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது! வீடு திரும்பியதும் அம்மா, அவர்கள் தந்த அந்தத் தாளின் நகலைச் சுவரில் என் மார்க் கார்டுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னாள். பூங்காவுக்குப் போன நாலு பேரைப் பற்றிச் செய்தி வந்தபோது, “பாவம், பெயிலாயிட்டாங்க” என்று உச்சுக் கொட்டினாள்.

நானும் அவளோடு சேர்ந்து உச்சுக் கொட்டினேன்.