மாஸ்டர் காப்பி

இத எழுத வேணாம்னு தான் இருந்தேன். எட்டாவதோட நின்னவன் எழுதி எவன் படிக்கப் போறான்னு போனத் தூக்கிப் போட்டுட்டுப் படுத்துகினு இருந்தேன். என் கூட்டாளி ஒருத்தன் மெட்ராஸ்ல ஒரு டிவி கம்பெனில, பழைய டேப்பெல்லாம் அடுக்கிவெச்சிருக்கற ரூம்ல வேலைக்கி சேந்துகீறான். சேந்ததுல இருந்து வாய்ஸ் நோட்டுல ஒரே பாடம். "மச்சான், மொதல்ல எடுத்த டேப்பு மாஸ்டரு. அதுல இருந்து போட்டது காப்பி. உனுக்கு மாஸ்டர்னா பரோட்டா மாஸ்டர் தானடா தெரியும்?" இந்த நக்கலுக்காவே எழுதறேன்.

அப்போ நான் ரெண்டாவது படிக்கறேன். படாளத்துல வூடு. அம்மாவோட கல்யாண வீடியோ கேசட்ட டெக்குல போட்டா, டிவில நடுவுல கோடு கோடா ஓடும். கரெக்டா தாத்தா, அதான் அம்மாவோட அப்பா, பந்தில சாம்பார் வாளியோட வந்து காமிராவப் பாத்து சிரிக்கற எடம். கல்யாணம் முடிஞ்ச கையோட அவரு செத்துட்டாரு. அவரு நடந்து, சிரிச்சி பாக்கணும்னா அந்தக் கேசட்டு மட்டும் தான்.

சிடியா மாத்தலாம்னு அம்மா என்ன இழுத்துகினு மாமல்லபுரம் போச்சி. கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த அண்ணன் அங்க ஸ்டுடியோ வெச்சிருந்தாரு. ரெண்டு பக்கமும் செல செதுக்கற பட்டறை, பேசறதே காதுல விழாது. கேசட்டப் போட்டுப் பாத்துட்டு, "இன்னாக்கா, இந்த ஒரு எடத்தயே திருப்பித் திருப்பிப் போட்டு நாடாவத் தேச்சிவெச்சிகீறீங்க"ன்னாரு.

"எல்லாம் இவன் வேல தான்"னு அம்மா என்னக் காட்டிச்சி.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். டெக்கத் தொட்டா கைய ஒடச்சிடுவேன்னு சொன்னதே அம்மா தான். சாமி சத்தியமா நான் இல்லன்னேன். அம்மா என் பக்கமே திரும்பல.

"இதுல ஒண்ணும் தேறாதுக்கா. மாஸ்டர் காப்பி இருந்தா தான் ஆவும்"னு சொல்லிட்டு அண்ணன் பரண் மேல ஏறுனாரு. அம்மா முந்தானைய வாய்ல வெச்சிகினு நின்னுச்சி, கண்ணு ரெண்டும் கலங்கிகினு கீது. நான் பக்கத்து டீக்கடைக்கி ஒரே ஓட்டமா ஓடுனேன். எங்கம்மாக்கு மாஸ்டர் காப்பி வேணுமாம்னேன். டீ மாஸ்டருக்குத் தலகால் புரியல. "என் காப்பிக்கு இவ்ளோ பேரும் புகழுமா"ன்னு ஸ்ட்ராங்கா ஒண்ணு ஆத்திக் குடுத்தாரு.

கிளாசோட வந்தா, அண்ணன் கைல பாட்டு கேசட்டு சைசுல ஒரு குட்டி டேப்பு. "இதான்க்கா மாஸ்டரு. ஆனா உங்க டெக்குல நுழையாது. இத ஓட்டற காமிராவ எப்பவோ வித்துட்டேன்." அம்மா அத வாங்கி முந்தானைல முடிஞ்சிகிச்சி. அப்பறம் தான் ரெண்டு பேரும் என் காப்பியப் பாத்தாங்க. அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அம்மா சிரிச்சிகினே, மூக்க உறிஞ்சிகினே குடிச்சிது. நம்ம காப்பியால தான் எல்லாம் சரியாச்சின்னு பஸ்ல வூடு வர்ற வரைக்கும் எனக்கு ஒரே கெத்து.

என்ன ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, மத்தியானத்துல ஒண்டியா ஒக்காந்து அந்த நாடாவ யாரு தேச்சிகினு இருந்தாங்கன்னு எனக்கு அப்போ தெரியாது. குட்டி டேப்பு இன்னும் அம்மா பீரோல தான் கீது.

இத்தையெல்லாம் கூட்டாளிக்கி அனுப்பிட்டு, நக்கலா ஓட்டப் போறான்னு பாத்துகினு இருந்தேன். ஒரே வரி தான் வந்துச்சி:

"அம்மாவ கூட்டினு, அந்த டேப்ப எடுத்துகினு வாடா, அத ஓட்டற மிஷினு இங்க கீது."