குழந்தைக்குத் தைத்த தலையணை

பொன்னேரியில் குடியிருக்கிறோம். என் கணவர் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேண்டில் வலை செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மருந்தில் தோய்த்துக் காயவைத்த துணியில் மிஞ்சும் துண்டுகள் பஞ்சு போல மெத்தென்று இருக்கும். குப்பைக்குப் போவதை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். நானும் பெரிய கெட்டிக்காரி போல அதை அடைத்து எங்கள் ஆறு மாதக் குழந்தைக்குத் தலையணை தைத்தேன்.

போன மாதம், தொழிலாளர் வீடுகளில் கதிர்வீச்சை அளக்க ஓர் அதிகாரி வந்தார். சமையலறையில் அவர் கருவி எப்போதாவது ‘டிக்’ என்றது. தூங்கும் குழந்தையின் பக்கம் போனதும் படபடவென்று விடாமல் அடித்தது.

"குழந்தையத் தூக்கும்மா! தலையணைக்குள்ள என்ன இருக்கு?"

சொன்னேன்.

"அந்த மருந்துல தோரியம் இருக்கும்மா. அதுலேர்ந்து கதிரும் வரும், ஒரு வாயுவும் வரும். அதைத்தான் குழந்தை மூச்சுல இழுத்திருக்கு" என்றார்.

குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட கணவர் தன் கைகளையே பார்த்தார். "நாங்க அதுல கைய உட்டுக்கினுதான வேல செய்யறோம்? எவனும் ஒரு வார்த்த சொல்லலியே!"

இப்போது அவர் கிணற்றடியில் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் உள்ளே வருகிறார். அப்பாவைப் பார்த்துக் குழந்தை கை நீட்டி அழுகிறது. அவர் குளித்து முடிக்கும்வரை நான் கொடுப்பதில்லை.