நாற்பது மீற்றரில் மூன்று நாட்கள்

டியூனரை நம்பிக் கெட்டவன் நான். கல்முனையில் எங்கள் வீட்டு மேல்மாடியிலிருந்து பின்வளவுத் தென்னைக்கு ஒரே ஒரு செம்புக் கம்பியை அன்டெனாவாக இழுத்துக் கட்டியிருந்தேன். அமெச்சூர் ரேடியோவில் எந்த அலைவரிசைக்குப் போனாலும் அன்டெனாவை ரேடியோவுக்கு இசைய வைக்கும் டியூனரின் குமிழ்களைத் திருகுவேன். அன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் முள் பூச்சியத்தில் படுத்துவிடும்; அனுப்பியதெல்லாம் வெளியே போகிறது என்று அர்த்தம். அதற்குமேல் எனக்கென்ன கவலை? ரேடியோவிலிருந்து அன்டெனாவுக்குப் போகும் கேபிளை இறக்கிப் பார்த்தே வருடக்கணக்காகிவிட்டது.

வினாயகபுரத்து நண்பன்தான் முதலில் சொன்னான். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து நாற்பது மீற்றர் அலைவரிசையில் அவனோடு கதைப்பது என் அன்றாட வழக்கம்.

"மச்சான், உன்ட சத்தம் வரவரச் செத்துக்கிட்டுப் போகுது. உப்புக் காத்து கேபிளத் திண்டிருக்கும். இறக்கிப் பாருடா."

"முள்ளு பூச்சியத்தில நிக்குது. நீ முதல்ல உன்ட காதக் கழுவு" என்றேன்.

வாய் முற்றி, இருவரும் ரேடியோவை அணைத்தோம்.

ரேடியோவில் வந்த சண்டையை ரேடியோவிலேயே தீர்ப்பது எங்களுக்குள் பழக்கம். அதற்காகப் போன் எடுக்க மாட்டோம். மறுநாள் அதே நேரம் என் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டான். மெல்லிதாக, ஆனால் தெளிவாகக் கேட்டது. பதில் சொன்னேன். கேட்காதவன் போல மறுபடியும் கூப்பிட்டான். தான் சொன்னதே சரியென்று காட்ட நடிக்கிறான் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டாம் நாளும் அதே கதைதான். மூன்றாம் நாள், "மச்சான், இன்னும் கோவமாடா?" என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரேடியோவை அணைத்தேன். அன்றைய என்னை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

நான்காம் நாள் அவன் வரவில்லை. வேறு ஒருவர் கொழும்பிலிருந்து கதைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கூப்பிட்டும் அவருக்கும் நான் கேட்கவில்லை. அப்போதுதான் அவன் நடிக்கவில்லை என்று உறைத்தது. கேபிளை இறக்கி வெட்டினேன். உள்ளே செம்புக் கம்பிப் பின்னல் பச்சை பிடித்து இற்றுப்போய், தண்ணீர் சொட்டியது. நான் அனுப்பியதையெல்லாம் அந்தக் கேபிளே குடித்திருக்கிறது. திரும்பி வர ஒன்றும் மிஞ்சாததால்தான் முள் படுத்துக் கிடந்தது. புதுக் கேபிள் போட்டு அவனைக் கூப்பிட்டேன். பதிலில்லை. வழக்கத்தை விட்டுப் போன் எடுத்தேன். அவனுடைய அண்ணன் பேசினார். நெஞ்சுவலி, காலையிலேயே முடிந்துவிட்டதாம்.

செத்த வீட்டில் என்னைக் கண்டதும் அவன் மனைவி எழுந்து வந்தார்.

"அண்ணன், மூணு நாளும் விளக்கு வைக்கிற வரைக்கும் ரேடியோவுக்கு முன்னாலதான் இருந்தாரு. அவர் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதா?"

கேபிளைப் பற்றிச் சொல்லத்தான் போயிருந்தேன்.

"ஓம் தங்கச்சி, கேட்டது" என்றேன்.