வாக்கெடுப்பு நேரத்தில் ரோல்ஸ் பொரித்தவர்கள்

என்னைப் "பிரசாரப் பொறுப்பாளர்" என்று நாலு பேர் அழைத்தது வாழ்க்கையில் அந்த மூன்று மாதங்கள்தான். சம்பளம் கிடையாது, மேசை கிடையாது. ஆனாலும் அந்தப் பட்டத்தை நான் சும்மா விடவில்லை. டென்மார்க்கின் பிராண்டே என்ற ஊரில் காற்றாலைக்கு இறகு செய்யும் தொழிற்சாலையில் பல வருடமாகப் பத்துப் பேரைக் கட்டி மேய்க்கிறவள் நான். ஆட்களைச் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிறுத்துவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். இப்போதும் கொஞ்சம் நினைக்கிறேன்.

வேட்பாளர், ஊரில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவர். முதியோர் இல்லத்தில் வேலை. நகரசபைத் தேர்தலுக்கு எங்கள் கட்சியின் பட்டியலில் பிராண்டேக்கு இரண்டு இடங்கள் இருந்தன. அவை யாருக்கு என்பதைக் கட்சி உறுப்பினர்களே ஒரு சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் கூடி வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். முதலில் முதலிடத்துக்கு ஒரு வாக்கெடுப்பு. அது முடிந்து இரண்டாமிடத்துக்கு இன்னொன்று. சுவரொட்டியில் சிரித்துக்கொண்டு நிற்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். போட்டிக்கு நின்றவர்கள் மூன்று பேர்: பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், எங்கள் அக்கா.

ஏன் நிற்கிறீர்கள் என்று முதல் நாளே கேட்டேன். பொறுப்பாளருக்கு அது தெரிய வேண்டும் அல்லவா?

"நாலு வருசமாக் கூட்டத்துக்குப் போறன்," என்றார் அக்கா. "இண்டைக்கு வரைக்கும் எனக்குச் சொன்ன ஒரே கதை, கோப்பி நல்லாயிருக்கு எண்டுதான். அவையில பிழையில்லை. போன உடன கோப்பிக் கேத்திலைத் தூக்கிறது நான்தானே. இனி எனக்கு அந்த மேசையில ஒரு கதிரை வேணும்."

அந்த ஒரு வாசகத்தை வைத்துக்கொண்டு நான் வேலையைத் தொடங்கினேன். வேலை என்றால் பெரும்பாலும் தொலைபேசிதான். டேனிஷ்காரர்களிடம் விஷயத்தை நேரே சொல்லலாம். இரண்டு நிமிடத்தில் ஓம் அல்லது இல்லை வந்துவிடும். எங்கள் ஆட்களிடம் முதலில் முழங்கால் வலி, பிறகு மகளின் பள்ளிச் சோதனை, பிறகு புது வீட்டுச் சமையலறை, கடைசியில்தான் கட்சி. ஒரு உறுப்பினரைச் சேர்க்க ஒரு மணி நேரம். அப்படியும் ஆறு பேரைப் புதிதாகச் சேர்த்தேன். அக்காவோடு நாங்கள் பத்துத் தமிழர் ஆனோம். அறுபது பேர்கூட வராத கூட்டத்தில் பத்து என்பது சின்ன விஷயமில்லை.

இன்னொரு வழியும் எனக்குத் தோன்றியது. ஊரில் பாதிப்பேரின் தாய்மாரை அக்கா அந்த முதியோர் இல்லத்தில் பராமரித்திருக்கிறார். அதைச் சொல்லி வாக்குக் கேட்போமே என்றேன். அக்கா முறைத்தார்.

"அது என்ர வேலை. அதைச் சொல்லி வாக்குக் கேக்கிற எண்டால் நீர் இப்பவே வீட்டை போகலாம்."

அந்த யோசனையைக் கைவிட்டேன். பதிலாக அக்காவின் பேச்சை எழுதினேன். இத்தனை வருடம் இந்த ஊருக்குப் பரிமாறினோம், இன்று மேசையில் உட்கார வந்திருக்கிறோம் என்பது அதன் நடுநாயகமான வரி. என் மகள் டேனிஷைத் திருத்திவிட்டு, நீளம் அதிகம் என்று டேனிஷிலேயே சொன்னாள். நான் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. அவ்வளவு பெருமை எனக்கு.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் கட்சித் தலைவி தொலைபேசியில் கூப்பிட்டார். கோப்பியோடு கடிக்க ஏதாவது கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அந்த மனுஷியின் மனதில் இருந்தது இரண்டு பெட்டி பிஸ்கட். நான் அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பின்னேரத்துக்குள் கறி அடைத்துப் பொரிக்கும் ரோல்ஸ் இருநூறு, நூறு வடை, கேக் மூன்று, ஒரு பெரிய தட்டில் கேசரி என்று குழு பொங்கி வழிந்தது. பொறுப்பாளர் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நான் யார் எதைக் கொண்டுவருவது என்று பட்டியல் போட்டேன்.

சனிக்கிழமை, ஓய்வுபெற்ற அண்ணை ஒருவர் தன் வான் வண்டியில் எங்களையும் தட்டுகளையும் ஏற்றிவந்தார். தட்டுகள் இருந்ததால் வானை மண்டபத்தின் பின்பக்கம், சமைக்கும் குசினியின் கதவடியில் நிறுத்தினார். முன்னமே மண்டபத்துக்குப் போயிருந்த அக்காவைத் தவிர எல்லோரும் அந்தக் கதவாலேயே உள்ளே போனோம். வாக்குச் சீட்டு முன்வாசல் மேசையில் கொடுப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கட்சி அனுப்பிய கடிதத்தை வாசித்து எல்லோருக்கும் விளங்கப்படுத்தியதே நான்தான். ஆனால் ரோல்ஸைச் சுடச்சுடக் கொடுக்க வேண்டாமா? எண்ணெய் காயட்டும், முதல் தட்டுப் போகட்டும், பிறகு போய்ச் சீட்டை எடுப்போம் என்றேன். ஒருவர் வடை தட்ட, ஒருவர் கேக் வெட்ட, அண்ணை கை துடைக்கும் கடுதாசித் துவாயை முக்கோணமாக மடிக்கத் தொடங்கினார். புகை இழுக்கும் விசிறியின் இரைச்சலில் வெளியே நடப்பது எதுவும் கேட்கவில்லை. ஒருமுறை கைதட்டல் போல ஏதோ கேட்டது. நான் இரண்டாவது தரம் ரோல்ஸை எண்ணெயில் போட்டேன்.

சற்று நேரத்தில் தலைவி கதவைத் திறந்தார். வாசனை பிரமாதம் என்றார். முதல் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது, ஐந்து வாக்கு வித்தியாசத்தில் பண்ணைக்காரர் அக்காவை வென்றுவிட்டார், இப்போது இடைவேளை என்றும் சொன்னார். நான் குசினியில் நின்றவர்களை எண்ணினேன். என்னோடு ஒன்பது பேர்.

தலைவியின் பின்னால் அக்கா நின்றார். அவர் இவ்வளவு கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"பேச்சுக் கேட்டனீரோ?"

"இல்லை அக்கா."

"நீர் எழுதின பேச்சு. மேசையில இருக்க வந்திருக்கிறம் எண்டு சொல்லிப்போட்டு நிமிர்ந்து பாக்கிறன், எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. குசினிக்குள்ள இருந்து புகை வருது. சபையில இருந்த சனம் முழுக்கத் திரும்பிக் குசினிக் கதவைப் பாக்குது."

அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று மாதம் அலைந்து, அக்கா எதிலிருந்து வெளியே வர நினைத்தாரோ அதற்குள்ளேயே அவருடைய ஆட்கள் அத்தனை பேரையும் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

அண்ணை மெல்ல, "ரோல்ஸ் ஆறிப்போயிடும் எண்டுதான் பிள்ளை..." என்று இழுத்தார்.

"ஆறட்டும் அண்ணை!" என்று அக்கா அடுப்பைத் தானே நிறுத்தினார்.

இடைவேளை முடிவதற்குள் முன்வாசல் மேசையில் ஒன்பது பேரும் வரிசையில் நின்றோம். என் வாக்குச் சீட்டில் எண்ணெய்ப் பெருவிரல் அடையாளம் விழுந்தது. மேசையில் இருந்தவர் சிரித்துவிட்டுப் புதுச் சீட்டுத் தந்தார். முன்வரிசையில் போய் உட்கார்ந்தோம். இரண்டாமிடத்துக்கு அக்காவும் ஆசிரியையும். வாக்களித்தோம். எண்ணத் தொடங்கினார்கள்.

எண்ணும் நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிச்சம் அறுபது ரோல்ஸ் பொரியாமல் கிடக்கின்றன என்று மனம் அடித்துக்கொண்டது. அதற்குள் பண்ணைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குசினிக்குள் போனார். முதலிடம் கிடைத்த சந்தோஷம் போலும். கொஞ்ச நேரத்தில் கருகிப்போன ஒரு தட்டு ரோல்ஸோடு வந்து, எங்கள் வரிசைக்கே முதலில் நீட்டினார். ஒருவர் நீட்ட, நான் உட்கார்ந்தபடி எடுப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. எடுத்தேன். உள்ளே கறி இன்னும் குளிர்ந்தே இருந்தது. அருமை என்று மனமறிந்து பொய் சொன்னேன்.

அக்கா எட்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் ஆசை தீர அழுதேன். அண்ணை மடித்த முக்கோணத்தில்தான் மூக்கைத் துடைத்தேன். அக்காவை மேடைக்குக் கூப்பிட்டுப் பூங்கொத்துக் கொடுத்தார்கள். தலைவி நன்றி சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போல, கோப்பைகளை எடுக்க யாராவது உதவ முடியுமா என்று கேட்டார்.

கேள்வி முடியுமுன் ஒன்பது பேரும் எழுந்துவிட்டோம்.

"இருங்கோ!" என்றார் அக்கா மேடையிலிருந்து, ஒலிவாங்கியில், தமிழில்.

திரும்ப உட்கார்ந்தோம். பிறகு ஆசிரியை எழுந்து வந்து, எனக்கு முன்னால் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.