வெங்காயக் கொட்டகையில் ஒரு டெலிபோன்

இருசப்பன் வீட்டுக்கு டெலிபோன் வந்தது எண்பத்தைந்தாம் வருடக் கடைசியில். பத்தாங் பெர்ஜுந்தையில் எங்கள் வரிசையில் இருந்த பதினான்கு பலகை வீடுகளுக்கும் அது ஒன்றுதான். மனுப் போட்டு இரண்டு வருடம் காத்திருந்து வாங்கியது. கம்பி இழுக்க வந்த ஆட்களை உட்கார வைத்துக் கோழி வறுவலோடு சோறு போட்டார். போகும்போது ஆளுக்கொரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தார்.

அவர் கல்யாணச் சமையல்காரர். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையில் இருந்தவர், கோவில் திருவிழாக்களில் கரண்டி பிடித்துக் கற்றுக்கொண்டு, நாற்பது வயதில் தோட்டத்தை விட்டு வெளியே வந்தார். இடது முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை ஒரு பழைய சூட்டுத் தழும்பு. கொதிக்கிற ரசத்தை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். முகம் சுளிக்க மாட்டார். ஐந்நூறு பேர் என்று சொல்லிவிட்டு எழுநூறு பேரைக் கூட்டி வருகிற வீடுகளிலும் கடைசிப் பந்திக்கு அப்பளம் இருக்கும்.

டெலிபோன் இல்லாததால் அதற்கு முந்தின ஆவணியில் மூன்று கல்யாணங்கள் அவர் கையை விட்டுப் போயிருந்தன. கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போன சேதி அவருக்கு வந்து சேர்வதற்குள், கோலசிலாங்கூர் செல்லன் முன்பணம் வாங்கிவிட்டார். செல்லன் வீட்டில் டெலிபோன் இருந்தது. செல்லனுடைய சாம்பாரைப் பற்றி இருசப்பன் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிக் கேட்டதில்லை. "அவரு ஒரு மாதிரி வெப்பாரு" என்பதோடு சரி.

அவரிடம் இருந்த ஒரே கோளாறு, யாருக்கும் 'இல்லை' என்று சொல்ல வராது. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்து சிரிப்பாக மாறிவிடும்.

ஆகவே, டெலிபோன் வந்த மறுவாரமே அது எல்லோருடையதும் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தங்கராஜு குளுவாங்கில் இருக்கும் தன் தம்பியோடு அரை மணி நேரம் பந்து விளையாட்டு பேசுவார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போகும் காளியம்மா, பிறை என்ற ஊரில் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரே மகன் பாலனிடம் வாராவாரம், "எப்படா கல்யாணம் பண்ணிக்கப் போற?" என்று கேட்பார். பாலன் வாராவாரம், "அடுத்த வருசம்மா" என்பான். எனக்குப் பேச வெளியூரில் ஆளில்லை. எதிர்வீட்டில் இருந்துகொண்டு மற்றவர்கள் பேசுவதைக் கேட்பேன்.

பில் ஏறிக்கொண்டே போனது. ஆனி மாதம் நூற்று நாற்பத்து மூன்று வெள்ளி. மலாயில் இருந்ததை வாசிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். வாசித்தேன். எங்கேயாவது தப்பாக வாசித்திருப்பேனோ என்று அவர் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது.

அவர் மனைவி லெட்சுமி அக்கா அண்டா ஒன்றை விற்று அதைக் கட்டிவிட்டு வந்தார். வந்ததும் வாசலிலேயே நின்று சொன்னார்.

"இங்க பாருங்க. அடுத்த பில்லு அம்பது வெள்ளியத் தாண்டுச்சு, ஒயரோட புடுங்கி அவங்க ஆபீசு மேசையிலயே வெச்சிட்டு வந்திருவேன். இருக்கிறது ரெண்டே அண்டா. அதையும் வித்துட்டு எதுல சமைப்பீங்க, ரிசீவர்லயா?"

"ஆவணி வருது லெட்சுமி. புக்கிங் எல்லாம் இந்த ஆடியிலதான் வரும்."

"வரட்டும் லா. யாரு வேணாங்குறா? போறதத்தான் நிறுத்தச் சொல்றேன்."

இருசப்பன் முயற்சி செய்யாமல் இல்லை. முதலில் மில்க் டின்னில் ஓட்டை போட்டு வைத்தார். வாரக் கடைசியில் அதில் கொஞ்சம் சில்லறையும் ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன. அடுத்து, மூன்று நிமிடத்தில் அடிக்கும்படி அலாரம் கடிகாரம் வைத்தார். "மணி அடிச்சா பரவால்லண்ணே, அதுக்கு மேலேயும் எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றார் தங்கராஜு. கடைசியாக, எண் சுழற்றும் வட்டில் மாட்டுகிற சின்னப் பூட்டு ஒன்று வாங்கி வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

ஆடி பிறந்தது. கல்யாணம் கிடையாது, ஆனால் நான்கு அம்மன் கோவில்களுக்குக் கூழ் ஊற்றும் வேலை இருந்தது. கூழுக்குத் தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். பின்பக்கக் கொட்டகையில் சாக்குச் சாக்காக வந்து இறங்கியது. உரிக்க ஆள் போதவில்லை. லெட்சுமி அக்கா ஒரு நாள் காலையில், நீளமாக ஒயர் இழுத்து டெலிபோனைக் கொண்டுபோய் வெங்காயக் குவியலின் நடுவில், கவிழ்த்த அண்டாவின் மேல் வைத்தார்.

"பேசுங்க, நல்லாப் பேசுங்க. பேசுறது வாய்தானே? கை சும்மாத்தானே இருக்கு" என்று ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்தார்.

ஓசிப் பேச்சுக்குக் கூலியாக ஒரு சாக்கு உரிந்தால் போதும் என்பதுதான் அவர் கணக்கு. நடந்தது வேறு.

முதல் நாள் தங்கராஜு ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். காற்றே நுழையாத கொட்டகை. மூன்றாவது நிமிடம் கண்ணில் தாரை தாரையாக ஓடியது. "வெச்சிடறேன்டா... முடியல" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வைத்துவிட்டார். இரண்டு நிமிடம் கழித்து டெலிபோன் அடித்தது. குளுவாங்கில் இருந்து தம்பி.

"அண்ணே, என்னாச்சு? அண்ணிக்கு ஏதும் முடியலையா? எங்கிட்ட மறைக்காதீங்க!"

"டேய், வெங்காயம்டா!"

அதை விளக்கி முடித்து, பிறகு பந்து விளையாட்டுக்கு வந்து, முக்கால் மணி நேரம் ஓடியது. முழுவதும் தம்பியின் காசு. தங்கராஜுவின் முகத்தில் அப்போது விழுந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அடுத்த முறை வந்தபோது குவியலைக் கிளறிக்கொண்டே கேட்டார், "லெட்சுமி, நேத்து உரிச்சமே அந்தக் காரமான சாக்கு, அது முடிஞ்சிருச்சா?"

ஆனால் எங்கள் வரிசை இன்றுவரை பேசிக்கொண்டிருப்பது ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான்.

அன்று மாலை கொட்டகையில் இருசப்பன், லெட்சுமி அக்கா, நான். காளியம்மா வேலை முடிந்து குளித்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து உட்கார்ந்தார். எண்ணைச் சுழற்றிவிட்டு ஒரு கை வெங்காயத்தை மடியில் அள்ளிக்கொண்டார். அந்த ரிசீவரில் எதிர்முனைக் குரல் கொட்டகை முழுக்கக் கேட்கும்.

"பாலா... சாப்டியாடா?"

வழக்கமான கேள்விகள். நான்காவது வெங்காயத்தில் கண் கலங்கியது. வெங்காயக் கையாலேயே துடைத்தார். அவ்வளவுதான், அடைமழை.

"என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லடா." மூக்கை உறிஞ்சினார்.

"அழுவுறியா?"

"நான் எதுக்குடா அழுவப் போறேன்." மறுபடியும் உறிஞ்சினார்.

பாலனின் குரல் தாழ்ந்து வந்தது. "ம்மா, அழுவாதம்மா. எங்கூட ரூம்ல இருக்கானே வாசு, அவன்தானே சொன்னான்? நானே தீவாளிக்கு வந்து நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்."

காளியம்மாவின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. லெட்சுமி அக்கா நிமிர்ந்தார். வாசு என்கிற பெயரையே நாங்கள் அப்போதுதான் கேள்விப்படுகிறோம். காளியம்மா ஒரு மூச்சு யோசித்தார். பிறகு முன்னைவிடப் பலமாக மூக்கை உறிஞ்சினார்.

"யாரு சொன்னா என்னா? உன் வாயால நீ சொல்லு."

"நல்ல பொண்ணும்மா. கலாவதின்னு பேரு. எங்க செக்சன்லதான். ஊரு சுங்கை ஆயர் தாவார். ரெண்டு வருசமா..."

"ரெண்டு வருசமா!"

அதிர்ச்சியில் காளியம்மாவின் கண்ணீர் நின்றுபோனது. குரலும் தெளிந்துவிட்டது. இருசப்பன் ஒரு வெங்காயத்தை இரண்டாக வெட்டி, அவர் மூக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பிடித்தார்.

"அழுவாதம்மா, எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றான் பாலன்.

லெட்சுமி அக்கா சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார். பிறைக்குப் பேசுகிற வெளியூர்ப் பேச்சு. ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. வைக்கச் சொல்லுங்கள் என்று கணவருக்குச் சைகை செய்தார். இருசப்பன் தலையை இடவலமாக ஆட்டினார். அவர் ஒருவரிடம் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் வெட்டிய வெங்காயம் அப்படியே இருந்தது.

காப்பாற்றியது காளியம்மாதான்.

"டேய், இது இருசப்பன் தம்பி போனு. அவங்க டுயிட்டச் செலவழிச்சு உன் காதல் கதையெல்லாம் கேக்க முடியாது. வெச்சிட்டு உன் காசுல கூப்புடு!"

வைத்துவிட்டார்.

நாங்கள் நான்கு பேரும் டெலிபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"பயந்துட்டான் போலருக்கு" என்றார் லெட்சுமி அக்கா.

"சில்லறை மாத்தப் போயிருப்பான்" என்றார் இருசப்பன்.

மணி அடித்தது. காளியம்மா எடுப்பதற்கு முன் தலைமுடியைச் சரி செய்துகொண்டார்.

"அந்தப் பொண்ணு சமைக்குமாடா?"

"சமைக்காதும்மா. நான்தான் சமைக்கிறேன்."

"ரெண்டு வருசமா சோறாக்கிப் போடுறியா? எனக்கு ஒரு நாளு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்திருப்பியா நீ!" என்று கத்திவிட்டு, சிரிப்பு தாங்காமல் ரிசீவரை லெட்சுமி அக்கா கையில் கொடுத்தார். லெட்சுமி அக்கா பேசினார். இருசப்பன் பேசினார். என்னிடமும் நீட்டினார்கள். "வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். டெலிபோனில் நான் பேசிய முதல் சொல் அது. ஐம்பது நிமிடம். வெங்காயம் ஒரு சாக்கு முழுக்க உரிந்திருந்தது.

"இவ்வளவு நேரமும் லைனு என்கேஜ்" என்று லெட்சுமி அக்கா பெருமூச்சு விட்டார். "எந்த வீட்டுக் கல்யாணமோ இந்நேரம் செல்லங்கிட்டப் போயிருக்கும்."

பில் ஆவணி முதல் வாரம் வந்தது. இருசப்பன் அதைப் பிரிக்காமல் என் வீட்டுக்கே கொண்டு வந்தார். லெட்சுமி அக்கா இடுப்பில் கை வைத்துப் பின்னாலேயே வந்தார். முப்பத்தெட்டு வெள்ளி. இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது முறை தானே காகிதத்தை வாங்கி எண்ணை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரி, அப்ப போன முன்னறைக்குக் கொண்டு போயிரலாமா?" என்றார் இருசப்பன்.

"தொட்டீங்கன்னா கைய ஒடிச்சிருவேன்" என்றார் லெட்சுமி அக்கா.

அன்று பிற்பகல் கொட்டகையில் மணி அடித்தது. இருசப்பன் தனியாக உட்கார்ந்து மறுநாள் சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்தபோது, கண்ணிலும் மூக்கிலும் ஒழுக, ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ, சமையல்காரர் இருசப்பனுங்களா?" என்றது குரல், ரொம்ப மரியாதையாக. பின்னணியில் லோரி போகும் சத்தம்.

"காளியம்மாக்காவா? எங்கருந்து பேசுறீங்க?"

"பஸ் ஸ்டாண்டு போன்ல. கல்யாண புக்கிங் பண்றேன்ல, முறையாப் பண்ண வேணாமா? ஆவணி கடைசி முகூர்த்தம். சுங்கை ஆயர் தாவார் கோவில்ல. அறுநூறு பேரு. பொண்ணு வீட்டுல செல்லனைச் சொன்னாங்க. நான் எங்க ஆளுதான்னு சொல்லிட்டேன்."

இருசப்பன் பதில் சொல்ல வாய் திறந்தார். மூக்கை உறிஞ்சியதுதான் கேட்டது.

"என்னா தம்பி, அழுவுறீங்களா?"

"இல்லக்கா, இது வந்து..."

"சுருக்காச் சொல்லுங்க. என் காசு விழுந்துக்கிட்டு இருக்கு!"