தட்டினால் விடவேண்டும்

அச்சு மையும் கோந்தும் கலந்த வாடை எங்காவது மூக்கில் ஏறினால் இப்போதும் என் முதுகு தானாக வளைந்து விழத் தயாராகும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சூலக்கரைப் பக்கம் ஒரு பழைய குடோனில் நடந்த ஜூடோ கிளப்பின் வாடை அது. நல்ல மெத்தை வாங்க வக்கில்லாத கிளப். சிவகாசி அச்சாபீசுகளில் காலண்டரின் ஓரத்தை வெட்டித் தள்ளும் காகிதத் துண்டுகளைச் சாக்கில் அடைத்து, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதைத்தான் "மெத்தை" என்று சொல்லிக்கொண்டோம். தையல் விட்ட இடத்தில் லட்சுமியின் விரலோ முருகனின் மயில்தோகையோ எட்டிப் பார்க்கும். ஐயோ சாமியை மிதித்துவிட்டோமே என்று பதறிக் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குள் எவளாவது காலை வாரிவிடுவாள்.

என்னை அங்கே இழுத்துப் போனவள் என் அக்கா செல்வி. அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் கம்பெனி வேனில் ஏறி அச்சங்குளத்துப் பட்டாசு ஆலைக்குப் போய்விடுவார்கள்; சீசன் நேரத்தில் ஞாயிறும் கிடையாது. என்னைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் அக்கா கூட்டிப்போனாள், பெண்பிள்ளைகள் குறைவு என்பதால் அவளுக்கு ஜோடியும் நானே ஆனேன். அம்மாவுக்கு ஜூடோ என்ற சொல் கடைசிவரை வாயில் நுழையவில்லை. "எந்திரிச்சு நிக்கவே இங்க நேரத்தக் காணோம், இவளுக விழுறதுக்குப் படிக்கப் போறாளுக, சூடாவாம் சூடா" என்பாள்.

அம்மா சொன்னது சரிதான், அங்கே முதல் பாடமே விழுவதுதான். அடுத்த பாடம் தட்டுவது. பிடி தாங்கமுடியாமல் போனால் எதிராளியின் உடம்பிலோ மெத்தையிலோ உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். அக்காவுக்கு மட்டும் அது வரவே வராது. எவ்வளவு அமுக்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நெளிவாளே தவிர தட்டமாட்டாள். அப்படி ஒருநாள் முழங்கை வீங்கிப்போனபோது, ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் சத்தம் போட்டார்: "ஏ தாயி, தட்டுனா தோத்துட்டேன்னு அர்த்தமில்ல. போதும், விடுன்னு சொல்றது. தட்டிட்டா புடிச்சவுக விட்டே ஆகணும், அதான் சட்டம்." அக்கா வீங்கிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "என்னைய அமுக்க இனிமேதான் ஒருத்தி பொறக்கணும்" என்று என்னிடம் கண்ணடித்தாள். அப்படியொரு திமிர் அவளுக்கு. எனக்கு அந்தத் திமிர் அவ்வளவு பிடிக்கும்.

பிளஸ் டூ முடித்த வருஷம் மாவட்டப் போட்டியில் ஜெயித்தாள். அடுத்தது சென்னையில் மாநிலப் போட்டி. அதில் பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வழியுண்டு என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். பட்டாசு மருந்தில் கை வைக்காமல் பிழைக்க அக்காவுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். "போலீஸ் குவார்ட்டர்சுல இருப்போம்டி, அப்புறம் அம்மா எப்படி வேன்ல ஏறுறான்னு பாக்கேன்" என்பாள்.

போட்டிக்கு இன்னும் ஒரு மாசம் இருந்த சமயத்தில்தான் சாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அம்மாவின் பட்டுச்சேலையில் அக்கா பாயில் உட்கார்ந்திருந்தாள், ஒட்டி நான். "பொண்ணு குஸ்தியெல்லாம் போடுதாமே?" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "அதெல்லாம் இன்னையோட நிப்பாட்டியாச்சு மதினி" என்றார் அப்பா. கெட்டவர் இல்லை அவர். கை கால் ஒடிந்தால் மகளை யார் கட்டுவார் என்று நிஜமாகவே பயந்த மனிதர்.

அப்போது என் தொடையில் அக்காவின் உள்ளங்கை விழுந்தது. ஒன்று. இரண்டு. நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. என் கை அவள்மேல் இல்லவே இல்லை, நான் எதை விடுவேன்? "அப்பா, அக்காவுக்குப் போட்டி இருக்குல்ல..." என்று ஆரம்பித்தேன். "போயி டம்ளர எடுத்தா" என்று அம்மா இடுப்பில் கிள்ளினாள். அந்த வீட்டில் அவ்வளவு பேர் இருந்தார்கள், என்னைத் தவிர ஒருவருக்கும் அந்தச் சட்டம் தெரியாது. சென்னையில் போட்டி நடந்த அன்றைக்கு அக்கா மறுவீட்டு விருந்தில் பரிமாறிக்கொண்டிருந்தாள். தை பிறந்ததும் மாமியாரோடு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள்.

நான் விடவில்லை. பிடிவாதமாக விளையாடி, இன்று ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்கிறேன். குடோனை இடித்துவிட்டார்கள். இப்போதெல்லாம் வண்ண வண்ண ரப்பர் விரிப்பு, வாடையே கிடையாது, மிதித்துப் பதற ஒரு சாமியும் இல்லை. போன பொங்கல் விடுமுறையில் அக்கா தன் மகளோடு என் பள்ளிக்கு வந்தாள். விரிப்பில் ஏறச் சொன்னால், "போடி, எனக்கெதுக்கு" என்று நகக்கண்ணில் அப்பிய பட்டாசுத்தூளைச் சுரண்டியபடி சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். மகள்தான் என்மேல் பாய்ந்தாள். விளையாட்டாக அமுக்கிப் பிடித்தேன். அப்படியே அவள் அம்மாவைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு நெளிகிறாள்.

சுவரோரத்திலிருந்து அக்கா கத்தினாள்: "ஏட்டி, தட்டு! தட்டுனா சித்தி விட்டுருவா!"

பிள்ளை தட்டவே இல்லை. நான் கையை எடுத்துவிட்டேன்.