முன்வரிசை சிரிக்கும் வரை

விதி தெளிவாகவே இருந்தது. பதிவு பார்வையாளர் முன்னிலையில் ஒரே தொடர்ச்சியாக எடுக்கப்பட வேண்டும். வெட்டவோ சிரிப்பொலி சேர்க்கவோ கூடாது. தேர்வு முடிவு ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கப்படும். முதல் இரண்டும் என் மகளுக்கானவை, கடைப்பிடித்தாள். மூன்றாவது தொலைக்காட்சிக்காரர்களுக்கானது. அதைப் பற்றிப் பிறகு.

மகளுக்குச் சென்னையில் கணினி வேலை. வார இறுதிகளில் சின்ன அரங்குகளில் மைக் முன்னால் தனியாக நின்று ஸ்டாண்டப் காமெடி செய்வாள். தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் தேர்வுக்காகச் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேர்வானால் மேடை, இல்லாவிட்டால் கணினியோடு சரி, இனி மைக்கைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். மேல்முறையீட்டுக்கு அதில் இடமில்லை.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், ஒரு காபிக் கடையின் மாடி வாடகைக்குக் கிடைத்தது. ஆள் சேர்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கூட்டம் கூட்டத் தெரியாதா? பழைய சகாக்கள் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில், குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பழக்க தோஷத்தில் பதவி வரிசைப்படி உட்காரவைத்தேன். முன்வரிசை நடுவில் ஓய்வு பெற்ற மாவட்ட வருவாய் அலுவலர், இரு பக்கமும் துணை ஆட்சியர்கள், பின்னால் தாசில்தார்கள், கடைசியில் எழுத்தர்கள்.

கேமரா ஓடத் தொடங்கியது.

"எங்க வீட்ல நேரா அப்பாகிட்ட எதுவும் கேக்க முடியாதுங்க. ‘அப்பா, காபி வேணுமா?’ன்னா, ‘உரிய வழியாக வரவும்’னு அம்மாவைக் கை காட்டுவாரு."

சென்னையில் இதற்குச் சிரிப்பில் கூரையே இடிந்ததாம். இங்கே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒருத்தரை லவ் பண்றேன்னு சொன்னேன். ‘ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவும்’னு வாசக் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாரு."

கடைசி வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு ஜோக் முடிந்ததும் எல்லாத் தலைகளும் முன்வரிசை நடுநாற்காலிப் பக்கம் திரும்பின. மேலதிகாரி சிரிக்காத இடத்தில் சிரிப்பது எங்கள் அலுவலகத்தில் நடந்ததே இல்லை. அந்த மனிதரோ, கோப்பைக் கடைசி வரி வரை படிக்காமல் கருத்துச் சொன்னதில்லை. அன்றும் கை கட்டி, முழுவதையும் கேட்டுவிட்டு முடிவெடுப்போம் என்று உட்கார்ந்திருந்தார்.

மகள் இன்னும் சில நிமிடங்கள் அந்த மௌனத்தோடு போராடினாள். பிறகு திரும்பும் தலைகள் அவள் கண்ணிலும் பட்டன. எழுதி வைத்திருந்ததை நிறுத்திவிட்டு மேடை விளிம்புக்கு வந்தாள்.

"சார், ஃபைல் உங்க டேபிள்லதான் நிக்குது போல. பின்னாடி இருக்கிறவங்க எல்லாம் கையெழுத்துக்கு வெயிட் பண்றாங்க. சிரிக்கலாமா, வேணாமா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பரிசீலனையில இருக்கும்மா."

சிரிப்பில் மாடியே அதிர்ந்தது. அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதன்பின் ஒவ்வொரு ஜோக்குக்கும் அவள் அவரைப் பார்ப்பாள். அவர் "அனுமதி" என்பார். ஒன்றுக்கு மட்டும் "விளக்கம் கேட்டு அனுப்பு" என்றார். கடைசி வரிசை எழுத்தர்கள் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். பணிக்காலம் முழுவதற்குமான பாக்கி அது.

வீட்டில் பதிவைப் போட்டுப் பார்த்தபோது மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏம்ப்பா, முதல் பாதி எழவு வீடு மாதிரி இருக்கு. திரும்ப எடுத்துடலாமா?"

"எடுக்கக் கூடாதுன்னு விதி இல்ல."

அடுத்த வாரம் சென்னைக்குப் போய், அதே பேச்சை இளைஞர்கள் முன்னால் பேசிப் பார்த்தாள். முதல் ஜோக்கிலேயே சிரித்துவிட்டார்களாம். ஃபைல் பேச்சு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அந்த மௌனம் இல்லாமல் அந்தச் சிரிப்பு வராது என்று அவளுக்குப் புரிந்தது. திருவண்ணாமலைப் பதிவையே, மௌனத்தோடு, அப்படியே அனுப்பினாள்.

ஒரு மாதம் போயிற்று. இரண்டாவது மாதமும் போயிற்று. நினைவூட்டுக் கடிதம் வரைந்தேன். "வேணாம்ப்பா, உங்க கடிதத்தைப் பார்த்தா கோர்ட்டு நோட்டீஸ்னு பயந்துடுவாங்க" என்று தடுத்துவிட்டாள். விடுப்பு முடியச் சில நாட்களே இருந்தன. பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

அப்போதுதான் பதில் வந்தது. தேர்வாகிவிட்டாள். கூடவே ஒரு வேண்டுகோள்: படப்பிடிப்பு அரங்கின் முன்வரிசைக்கு அந்தப் பெரியவரை அழைத்து வர முடியுமா?

அவருக்குப் போன் போட்டேன்.

"எழுத்துபூர்வமா வந்திருக்கா?" என்றார்.

"வந்திருக்கு சார்."

"கடிதத்துல என்னைக்குத் தேதி போட்டிருக்கு?"

மகள் பெட்டியிலிருந்து துணிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னேன்: "இன்னைக்குத்தான் சார். கார்த்திகை தீபத்துக்குக் கோயில்ல கொடி ஏத்தின நாள்."

"அனுமதி" என்றார்.